கேட்பது ஒரே தரம்

உலகத்தாருக்கும், குறிப்பாகப் பாம்ப்ளமூஸுக்கு வடக்கே இரண்டு மைல் சுற்றளவில் வசிப்போருக்கும் இதனால் சகலமாய் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1927ஆம் வருடம் மே மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோவில் சபையார் பதினொருவரும் ஒரே தகரக் கூரையின் கீழ் அமர்ந்து, ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். சபை தோன்றிய பதினேழு வருடத்தில் அவர்களுக்கு ஒருமனம் வாய்த்தது இதுவே முதல் தடவை. சரித்திரம் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். சைவப் பிரசங்க சிங்கம் என்று பட்டம் வாங்கிய சிவசிதம்பரம் அவர்கள் கொழும்பிலிருந்து நேட்டாலுக்குப் போகும் வழியில் தீவில் இறங்கி, பன்னிரண்டு நாள் அந்தக் கோவிலில் பிரசங்கம் செய்ய இசைந்திருந்தார். சிங்கத்தை எந்தக் குகையில் விடுவது என்பதில்தான் தகராறு.

தலைவர் வீரசாமி தம் வீட்டைச் சொன்னார். அங்கே முற்றமெல்லாம் கோழி என்று காரியதரிசி ராமசந்திரன் மறுத்தார். ராமசந்திரன் தம் வீட்டைச் சொன்னார். அங்கே கோழி முற்றத்தில் இல்லை, சட்டியில் இருக்கிறது என்று வீரசாமி மறுத்தார். மூன்றாமவர் வீட்டுக்கு எதிரே சீனன் கடை. ரம் குடித்தவர்கள் பாடுவார்கள். நாலாமவர் மகள் பாதிரியார் பள்ளியில் படிக்கிறாள். இப்படியே பத்து வீடும் விழுந்தன.

"என் வீட்டுல மூணு அறை பூட்டித்தான் கிடக்கு," என்றார் பின்வரிசையில் இருந்த தாண்டவராயன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சபையில் வாய் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"உங்க வீட்டுல பொம்பளை இல்லையே, தாண்டவம் மாமா," என்றார் ராமசந்திரன். "சிங்கத்துக்கு யாரு சோறாக்குவா? உங்க மாடா?"

சபை சிரித்தது. தாண்டவராயனும் கூடவே சிரித்துவைத்தார். தனியாகச் சிரிக்காமல் இருப்பதைவிட அது சுலபம்.

ஆகவே தீர்மானம்: பிரசங்கியார் தீவின் தலைநகரான போர் லூயியில் ஒத்தேல் என்கிற விடுதி ஒன்றில் தங்குவது, மத்தியான ரயிலில் வந்து பேசிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவது. அதற்கு முன்பு சபையிலிருந்து ஒருவர் அதே ஒத்தேலில் ஐந்து நாள் தங்கி, நிறை என்ன, குறை என்ன என்று எழுதிக்கொண்டு வருவது. யாரை அனுப்பலாம்? கடைக்காரருக்குக் கடை, வண்டிக்காரருக்கு வண்டி, மற்றவர்களுக்குப் பெண்டாட்டி. ஐந்து நாள் ஊரில் இல்லாவிட்டாலும் யாரும் தேடாத ஆளாக ஒருவர் வேண்டும். அதிலும் ஒருமனம்தான்; ஆனால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை.

தாண்டவராயனுக்கு வயது ஐம்பத்தெட்டு. நாலு ஆர்ப்பாங் நிலத்தில் கரும்பு, ஒரு மரவீடு, ஒரு மாடு. மனைவி தெய்வானை மலேரியாவில் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் தனலட்சுமியைத் தெற்கே பிளேன் மாக்னியனில் கட்டிக்கொடுத்தாயிற்று. வருடத்துக்கு ஒரு முறை வருவாள். பேரப்பிள்ளைகளுக்குக் தீவின் கிரியோல் பாஷை மட்டும்தான் தெரியும். வீட்டில் தமிழ் பேச மிஞ்சியது மாடு ஒன்றுதான். அதுவும் கேட்கிற ரகம், பேசுகிற ரகமில்லை.

கூட்டம் முடிந்து கரும்புச் சந்து வழியாக நடந்துபோகும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒத்தேல் சரியில்லை என்று ஆகிவிட்டால்? மற்ற பத்து வீட்டையும் சபையே அடித்துத் தள்ளியாயிற்று. தம் வீட்டுக்கு இருந்த குறை சமையல் ஒன்றுதான். சமைக்க அவருக்குத் தெரியும். குறைப் பட்டியல் மட்டும் நீளமாக அமைந்துவிட்டால், பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் இன்னொரு மனிதர் இருப்பார். இருமுவார். செருப்பு எங்கே என்று தமிழில் கேட்பார்.

பூட்டிய அறை மூன்றையும் அன்றைக்கே திறந்து பெருக்கினார். மறுநாள் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

ஒத்தேல் மத்திய சந்தைக்குப் பின்னால் இருந்தது. பலகையில் பிரெஞ்சில் எழுதியிருந்த பெயருக்கு 'நான்கு கண்டங்களின் ஒத்தேல்' என்று பொருள். அறைகள் ஏழு, கண்டத்துக்கு இரண்டு கூடத் தேறாது. மதாம் ஊகெட் என்ற விதவை அதன் சொந்தக்காரி. கீழே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொள்வது அவள் வேலை. மற்றதெல்லாம் யொலாந்த் என்ற பணிப்பெண்ணின் வேலை. யொலாந்த் பெல் ஒம்ப்ர் பக்கத்துக்காரி, ஐம்பதை நெருங்கியவள், படியேறும்போது படிக்கு ஒரு மூச்சு விடுவாள்.

முதல் ஒரு மணி நேரத்தில் குறைப் பக்கம் ஜோராக நிரம்பியது. கட்டிலுக்கு மூன்று கால்கள் ஒரு நீளம், நாலாவதற்கு வேறு கொள்கை. கொசுவலையில் வலை குறைவு. ஜன்னலைத் திறந்தால் கிடங்குச் சுவர், சாத்தினால் இருட்டு. பக்கத்து அறையில் ஜான்-போல் என்று ஒரு பொத்தான் வியாபாரி. அவர் மூக்குச் சிந்துவது கப்பல் ஊதுவதுபோல் இருக்கிறது. தாண்டவராயன் மிகவும் சந்தோஷமாக எழுதினார். நிறைப் பக்கத்தில், குழாயில் தண்ணீர் வருகிறது என்று எழுதி, யோசித்துவிட்டு, 'சில சமயம்' என்று சேர்த்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு யொலாந்த் வாசலில் வந்து நின்றாள். கீழேயிருந்து பருப்பும் கீரைச்சாறும் மணந்தது.

"மொஸ்யே தாண்ட்ராயன், சாப்பாடு தயார். சாப்பிடுறீங்களா?" என்று கிரியோலில் கேட்டாள்.

"வேண்டாம்மா. பசியில்லை," என்றார் தாண்டவராயன்.

அவருக்கு நல்ல பசி. ஆனால் கேட்டவுடனே எழுந்து ஓடுவதற்கு அவர் என்ன பஞ்சத்தில் அடிபட்டவரா? கௌரவமாக வளர்ந்தவன் முதல் தடவை வேண்டாம் என்பான். இரண்டாம் தடவை, இப்போதுதான் ஆயிற்று என்பான். மூன்றாம் தடவை, உங்கள் மனசு வருத்தப்படக்கூடாதே என்று எழுந்திருப்பான். தெய்வானை இருந்தவரை நாலாம் தடவையும் கேட்பாள். அவருக்குச் சொந்த வீட்டிலேயே அந்த மரியாதை நடந்துவந்தது.

யொலாந்த், "சரி மொஸ்யே," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டாம் தடவை கேட்க வருவாள் என்று அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழே தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் அதேதான். கேட்டாள், வேண்டாம் என்றார், போய்விட்டாள். 'கேட்பது ஒரே தரம்' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு இழுத்தார். இத்தனை நாகரிகமில்லாத இடத்தில் சிங்கம் ஒரு நாள் தாங்காது. குறை கிடைத்த சந்தோஷத்தில் வயிறு நிறைந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நிறையவில்லை. காலையில் சந்தைக்குப் போய்க் காத்தோ பிமான் வாங்கித் தின்றார். கப்பலேறி வந்து பெயரை மாற்றிக்கொண்ட பருப்பு வடைதான் அது. காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள், யாரும் உபசரிக்கமாட்டார்கள்.

இதற்கிடையில் ஒத்தேலின் கீழ்த்தளத்தில் ஒரு புனிதர் உருவாகிக்கொண்டிருந்தார். மத்ராஸ்காரர்கள் காவடிக்கு முன்பு பத்து நாள் கரேம் இருப்பார்கள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். கரேம் என்றால் விரதம். இரண்டு நாளாக ஒரு பருக்கை தொடாத மனிதர் மேலே தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதுகிறார் என்றால் அது வேறென்ன? மதாம் ஊகெட் உடனே உத்தரவிட்டாள்: புனிதருக்கு ஆசை காட்டக்கூடாது, சமையலறைக் கதவைச் சாத்திவை, மீன் பொரிக்காதே. மூன்றாம் நாள் மணம்கூட மேலே வரவில்லை. அவர்களுக்குப் பக்தி ஏற ஏற இவருக்குப் பட்டினி ஏறியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் யொலாந்த் சாப்பாட்டுக்குக் கூப்பிடவே இல்லை. ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள்.

"மொஸ்யே, உங்க கரேம் நேரத்துல தொந்தரவு பண்றேன். எனக்காக உங்க சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

கரேமா என்று அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"என் மகன் ஜான்-க்ளோட். கப்பல்ல இருக்கான். எட்டு மாசமா ஒரு கடுதாசி இல்லை. எங்க சாமிக்கு மெழுகுவத்தி ஏத்தி ஏத்தி அலுத்துப்போச்சு. உங்க சாமிக்குப் பட்டினி பிடிக்கும்னு சொல்றாங்க. அதான் கேக்குறேன்."

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன், அம்மா, நான் விரதமில்லை, வெறும் பசி என்று சொல்லியிருப்பான். தாண்டவராயன் நேர்மையான மனிதர்தான். ஆனால் சாயங்கால வேளையில் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சொன்னால் அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"மகன் பேரு, பொறந்த நாள் சொல்லும்மா," என்றார்.

அவள் பிறந்த நாளில் ஆரம்பித்து, பல் முளைத்தது, மாமரத்திலிருந்து விழுந்தது, தகப்பன் ஓடிப்போனது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் தெய்வானையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். யொலாந்த், "அவங்க கத்திரிக்காய் எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டாள். செத்தவளைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் எப்படிச் செத்தாள் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அவள் போனபின், தெரிந்த தோத்திர வரிகளைச் சொல்லி ஜான்-க்ளோடுக்காக உண்மையாகவே வேண்டிக்கொண்டார். வயிறு காலியாக இருந்ததில் பக்திக்குக் குறைவில்லை.

நாலாம் நாள் காலை சந்தையில், நாலாவது காத்தோ பிமானை வாயில் வைத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கப்பல் ஊதியது. ஜான்-போல் கைக்குட்டையை மடித்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"புனிதரே, போன்ழூர்," என்றார். "உங்க சாமி மிளகாய் சேத்துக்குவாரா?"

மத்தியானத்துக்குள் நான்கு கண்டங்களுக்கும் செய்தி போய்விட்டது. மதாம் ஊகெட் விசிறியை நிறுத்தி ஒரு முறை பார்த்துவிட்டு மீண்டும் விசிறினாள். தாண்டவராயன் மேலே போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். படியில் மூச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக ஏறி வந்தது.

யொலாந்த் கையில் தட்டு இருந்தது.

"விரதமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மொஸ்யே."

"நீ இன்னொரு தரம் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேனே. வேண்டாம்னீங்களே."

"ஒரு தரம் வேண்டாம்பேன். அது மரியாதை. நீ ரெண்டாம் தரம் கேக்கணும்."

அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "வேண்டாம்னு சொன்னவரை ரெண்டாம் தரம் கேட்டா, நீங்க முதல்ல சொன்னது பொய்னு உங்க முகத்துக்கு நேரா சொல்றமாதிரி இல்லையா? எங்க அம்மா அறைஞ்சிருப்பா என்னை. அது மரியாதையா?"

தாண்டவராயன் பெட்டிக் கயிற்றைக் கீழே வைத்தார்.

"இப்ப சாப்பிடுறீங்களா?"

"வேண்—" என்று நாக்கு தானாக ஆரம்பித்தது.

"உக்காருங்க," என்றாள் யொலாந்த்.

உட்கார்ந்தார். சோறு, பருப்பு, கத்திரிக்காய். கத்திரிக்காயை அவர் நேற்றுச் சொன்ன மாதிரியே செய்யப் பார்த்திருந்தாள், புளி ஏறிப்போயிருந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் இடம் தெரியும்போதெல்லாம் கேட்காமலே அள்ளிப் போட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லுங்க," என்றாள் அவள். "விரதமில்லாதவர் வேண்டிக்கிட்டது சாமிக்குப் போயிருக்குமா?"

"தெரியலைம்மா."

"மூணு நாள் ராத்திரி நிஜமாவே சாப்பிடலை இல்ல? அது கணக்குல வரும்." அவளே தீர்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ரயிலில் உட்கார்ந்து அறிக்கையை நல்ல எழுத்தில் எழுதினார். நிறை என்ற தலைப்பின் கீழ் முதலில் 'யொலாந்த்' என்று எழுதினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கிவைத்த மூன்று அறைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெயரை அடித்தார். அடித்தது படிக்க முடிந்ததால் மறுபடியும் அடித்தார். அப்புறம் தாளையே கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார். குறை, பதினாறு. நிறை, இல்லை.

சபையில் ராமசந்திரன் அதை உரக்கப் படித்தார். கட்டில் கால்வரை யாரும் அசையவில்லை. 'சாப்பிடக் கேட்பது ஒரே தரம். வேண்டாம் என்றால் போய்விடுகிறார்கள்' என்ற இடம் வந்ததும் சபையில் ஒரு முனகல் எழுந்தது.

"ஒரே தரமா?" என்றார் வீரசாமி.

"ஒரே தரம், அண்ணே."

"அடப் பாவிகளா. மனுசன் எப்படிச் சாப்பிடுவான்?"

பதினொரு பேரும் தங்களுக்கே அந்த அநியாயம் நடந்ததுபோல் தலையை ஆட்டினார்கள். சிங்கம் தாண்டவராயன் வீட்டில் தங்குவதென்று தீர்மானமாயிற்று. ராமசந்திரன்கூட மாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஜூன் நாலாம் தேதி பிரசங்கியார் மாலையும் கழுத்துமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். பதினெட்டு நாள் கப்பலில் புரட்டிய வயிறு இன்னும் கரை சேராதது முகத்தில் தெரிந்தது. சபையார் ஆளுக்கொரு வரவேற்புரை வாசித்தார்கள். எல்லாம் முடிந்து எல்லோரும் போனபின், வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

தாண்டவராயன் விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தார். வாழையிலை போட்டு, மூன்று கறி, சாம்பார், ரசம், அப்பளம், பாயசம். பிரசங்கியார் பேசிய தமிழில் பாதி புரியவில்லை. ஆனாலும் அது தமிழ், வீட்டுக்குள் ஒலிக்கிறது. அது போதுமாக இருந்தது.

"சாப்பிட வாங்க ஐயா."

"வேண்டாம். சற்று வெந்நீர் மட்டும் போதும்."

தாண்டவராயனுக்கு உள்ளம் குளிர்ந்தது. எவ்வளவு காலமாயிற்று இந்த 'வேண்டாம்' என்பதைக் கேட்டு. "அப்படிச் சொல்லக்கூடாதுங்க. ஒரு பிடி."

"உபாதை இருக்கிறது. வேண்டாம்."

"உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா? வாங்க, உக்காருங்க." கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். பிரசங்கியார் இலைமேல் கையை விரித்து மறைத்தார். மூன்றாம் தடவை மறைப்பவன் நாலாம் தடவை விடுவான் என்பது தாண்டவராயன் அறிந்த சாஸ்திரம். நாலாம் தடவை சாம்பார் கரண்டியைச் சாய்த்தார். சாம்பார் கொதிக்கக் கொதிக்க இருந்தது.

பிரசங்கியார் கத்தவில்லை. எழுந்து போய்ப் பீப்பாய்த் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

"ஐயா," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "இத்தீவில், ஒரு முறை உரைத்தால் விளங்கிக்கொள்ளும் மாந்தர் எவரேனும் உளரோ?"

தாண்டவராயன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் பதினொரு நாள் இவர் இங்கேயே இருப்பார். எண்ணெய் எடுத்து வந்து அந்தக் கையில் தடவிவிட்டார். கை மெலிந்து, குழந்தையின் கைபோல் இருந்தது. தோல் சிவந்து கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது.

"இருக்காங்க," என்றார். "போர் லூயியில, சந்தைக்குப் பின்னால. யொலாந்த்னு கேளுங்க."

மறுநாள் காலை ஏழரை மணி ரயிலில் பிரசங்கியார் போர் லூயிக்குப் போய், அந்த ஒத்தேலில் பதினொரு நாள் தங்கினார்.